ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்ப்பது என் தொழில். வீட்டில் 72-க்கு 1 அளவில் போர்விமான மாடல்கள் செய்கிறேன். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிப் பெயிண்ட் அடித்து முடித்த விமானம் கடையில் தொங்கும் பொம்மை மாதிரிதான் இருக்கும். வெயில், மழை, எண்ணெய், புகை, மெக்கானிக்கின் கை எல்லாம் பட்ட விமானமாக அதை மாற்றுவதை வெதரிங் என்கிறோம். மாடலுக்கு உயிர் வருவது அங்கேதான்.

எங்களுக்குப் பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம். 2020 மே 27 அன்று 18-ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களோடு அங்கே மறுபடி செயல்படத் தொடங்கியது. 1971 போரில் இதே ஸ்குவாட்ரன் ஓட்டியது குட்டி 'நாட்' விமானம். அந்த டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் போரிட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செகோன் இந்த ஸ்குவாட்ரன்காரர். விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். அதனால்தான் நாட், தேஜஸ் இரண்டையும் ஜோடியாகச் செய்தேன்.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகாது. நாட் விமானத்தின் தோல் அலுமினியம். அடிக்கடி கழற்றி மாட்டும் மூடிகளின் ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்து வெள்ளியாகப் பளிச்சிடும். தேஜஸின் வெளிப்பரப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு கார்பன் நார்க் கலவை. அதில் வெள்ளிக் கீறல் போட்டால் அது பொய். நாட் மாடலிலும் அளந்துதான் கீற வேண்டும்: இங்கே 1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல். பலர் கறையை அள்ளி அப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நிறம் வெளுப்பது எனக்குத் தொழில்வழி தெரிந்த விஷயம். துணியின் சாயம் வெயிலுக்கு எவ்வளவு தாங்கும் என்று 1 முதல் 8 வரை நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறோம். விமானத்திலும் வெயில் நேராக விழும் முதுகும் இறக்கையின் மேற்புறமும்தான் முதலில் வெளுக்கும். வயிறு அப்படியே இருக்கும். அடித்த நிறத்திலேயே கொஞ்சம் வெள்ளை கலந்து, நன்றாக நீர்க்கவைத்து, தகடுகளின் நடுவில் மட்டும் ஸ்ப்ரே செய்வேன். தேஜஸின் சாம்பலை டியூப்லைட்டை நம்பிக் கலக்கவே மாட்டேன். பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே ஓகே.

அடுத்தது வாஷ், அதாவது தகட்டு இடுக்குகளில் அழுக்குப் படிந்தது போலக் காட்டும் நீர்த்த பெயிண்ட். அக்ரிலிக் பெயிண்டின் மேல் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். பழுப்பும் கறுப்பும் கலந்த ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து, தகட்டு இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் போதும். இடுக்கு வழியே அதுவாக ஓடும். வார்னிஷ் இல்லாத சொரசொரப்பில் தொட்டால் பரவித் திட்டாகிவிடும். சற்றுக் காய்ந்ததும் மீதியை வெள்ளைப் பனியன் வேஸ்ட்டால் மூக்கிலிருந்து வால் பக்கமாகத் துடைப்பேன். பறக்கும்போது காற்று இழுக்கும் திசை அது. நின்றிருக்கும்போது ஒழுகிய எண்ணெய்க்கோ திசை கீழே.

நாட் விமானத்தின் இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளும் காற்று உள்வாங்கும் வாய்களின் வெளிச்சுவரில் இருக்கின்றன. அங்கிருந்து பின்னோக்கிக் கரித்தூளை லேசாக இழுத்தேன், சண்டையிட்டுத் திரும்பிய விமானம் என்பதால். தேஜஸில் அந்தக் கரி இல்லை. கடைசியில் இரண்டுக்கும் மேட் வார்னிஷ். விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிடுவேன். நிஜத்திலும் அதைத் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருப்பார்கள். விமானி எதிரியைப் பார்ப்பது அதன் வழியாகத்தானே.