பரண்மேல் தூங்கும் ஜி.ஐ.ஜோ

மகன் சின்னவனாக இருந்தபோது வாங்கிக் கொடுத்த ஜி.ஐ.ஜோ சிப்பாய் பொம்மைகள் உங்களில் பலர் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும். எங்கள் வீட்டில் 14 இருந்தன. எல்லாம் 1990களில் ஃபன்ஸ்கூல் போட்டவை. (டயர் செய்கிற எம்.ஆர்.எஃப். குழுமத்துக் கம்பெனிதான் அது, 1987ல் ஆரம்பித்தது.) "அப்பா பொம்மைக்குக் கலர் அடிச்சுக் குடுங்க அப்பத்தா" என்று ஒன்றாம் வகுப்புப் பேரன் பிடித்த பிடிவாதத்தில் வேலையை ஆரம்பித்தேன்.

சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். அழுக்குப் போனதும் நிழலில் உலர்த்துங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக் இளகிவிடும்.

வீட்டில் மிச்சமிருக்கும் எனாமலையும் தொடாதீர்கள். ரப்பர் மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக்கில் வளைவதற்காக ஒருவித எண்ணெய் கலந்திருப்பார்கள். அது கசிந்து எனாமலைக் காயவே விடாது. என் நாத்தனார் மகளின் பாப்பா பொம்மை இப்படித்தான் மாதக்கணக்கில் பிசுபிசுவென்று தலைமுடியும் தூசியும் ஒட்டிக்கொண்டு கிடந்தது! இன்னொன்று, ஈயம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா எதற்கு? பொம்மையின் பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூசி ஆகாதுங்க. வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைக்கு இவற்றைக் கொடுக்கவே கூடாது.

சேலையில் பூப்போட வாங்குவோமே, அந்த அக்ரிலிக் ஃபேப்ரிக் கலர்தான் நான் பூசியது. மெல்லிசாக இரண்டு தடவை. நடுவில் ஒரு ராத்திரி காய வேண்டும். முழங்கை, முழங்கால் மடங்கும் இடத்தில் மட்டும் பூசாதீர்கள், இரண்டே நாளில் உரிந்து விடும்.

சில பொம்மைக்கு இடுப்போடு கால் கழன்று வந்திருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இற்றுப் போயிருக்கும், அவ்வளவுதான். முதுகு ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய வளையத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் பம்பு சாமான் கடைக்குப் போய் அதே அளவு "ஓ ரிங்" கேளுங்கள். நம்ம கோயமுத்தூரில் பம்பு சாமானுக்கா பஞ்சம்?

ஒன்றை மறக்க வேண்டாம். வெளிநாட்டில் எங்குமே வராத கலர்களில் ஃபன்ஸ்கூல் சில சிப்பாய்களைப் போட்டதால், அவற்றைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பெயின்ட் பட்டால் அவர்களிடம் மதிப்புக் குறைந்துவிடும். அதனால் கலர் போகாத 5 பொம்மைகளை மகனுக்கென்று அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். மற்ற ஒன்பதும் பேரனுக்கு. அதிலும் இரண்டை, கொலுப் பார்க்கில் காவலுக்கு நிறுத்த அடுத்த வீட்டு மாமி இப்போதே கேட்டிருக்கிறார்.

- ஒரு வாசகி, வடவள்ளி, கோவை.