துணை மருந்தின் தொல்லைகள்



பெண் ஒருத்திக்கு மாதவிடாய் தொடங்கும் காலத்தை நம் சமுதாயம் பந்தலிட்டு, நீராட்டி, விழாவாகக் கொண்டாடுகின்றது. அம்மாதவிடாய் ஓயும் காலத்தைப் பற்றியோ வாய் திறந்து பேசுவார் மிகச் சிலரே. தாய் மகளிடம் சொல்வதில்லை. மனைவி கணவனிடம் சொல்வதில்லை. சொல்லாமையால் துன்பம் குறைவதுமில்லை.

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் சூலகங்கள் தம் தொழிலை மெல்ல மெல்ல நிறுத்திவிடுகின்றன. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வாராதிருந்தால் அஃது ஓய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். அக்காலத்தில் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் உடலில் வெகுவாகக் குறைகின்றது. அதனால் முகமும் கழுத்தும் திடீரெனத் தீப்பட்டாற்போலக் காந்துகின்றன, இரவில் வியர்வையால் தலையணை நனைகின்றது, உறக்கம் கெடுகின்றது, நாளடைவில் எலும்புகளும் வலுவிழக்கின்றன. இத்துன்பங்கள் மிகுந்தோருக்குக் குறைந்துபோன ஓமோனை மருந்தாகக் கொடுப்பதே ஓமோன் சிகிச்சை எனப்படுவது.

இச்சிகிச்சையின் ஒரு பகுதியைப் பற்றி மட்டுமே இன்று பேச விழைகின்றேன். கருப்பை உள்ள பெண்ணுக்கு வைத்தியர் இரண்டு மருந்துகளைக் கொடுப்பார். முதலாவது ஈஸ்திரோஜன். இரண்டாவது புரொஜெஸ்தரோன், அல்லது அதனை ஒத்த வேறொரு மருந்து. முதலாவதை உட்கொண்ட சில வாரங்களிலே காந்தல் தணிகின்றது, உறக்கம் வருகின்றது, "மீண்டும் ஆளானேன்" என்று அப்பெண் மகிழ்கின்றாள். இரண்டாவதை உட்கொண்டாலோ சிலருக்கு வயிறு ஊதுகின்றது; மார்பு நோகின்றது; காலையில் தலை எழும்ப மறுக்கின்றது; காரணமின்றிக் கண்ணீர் வருகின்றது. "சுகம் தருவது ஒன்று, தொல்லை தருவது மற்றொன்று, தொல்லையை விட்டுவிட்டுச் சுகத்தை மட்டும் வைத்துக்கொள்வோம்" என்று அவள் எண்ணுவது இயல்பே. வைத்தியரிடம் சொல்லாமல் இரண்டாவது குளிகையை மாத்திரம் அலுமாரியில் ஒதுக்கிவிடுகின்றாள். அபாயம் அங்கேதான் தொடங்குகின்றது.

அஃது ஏன் என்பதை முதலில் ஆராய்வோம். ஈஸ்திரோஜன் வயலுக்குப் பாயும் நீர் போன்றது. அது கருப்பையின் உட்படையைத் தழைத்து வளரச் செய்கின்றது. புரொஜெஸ்தரோன் அவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லை வகுத்து, பயிரை முற்றச் செய்து, அறுவடைக்கு ஆயத்தப்படுத்துவது போன்றது. நீர் மட்டும் ஓயாது பாய்ந்து, அறுப்பார் இல்லாதுபோனால் வயல் என்னாகும்? களையும் பயிரும் ஒன்றாய் மண்டிவிடும். அவ்வாறே தனித்த ஈஸ்திரோஜனால் கருப்பையின் உட்படை அளவு மீறித் தடிக்கின்றது. சிலரில் அத்தடிப்பு புற்றுநோயாகவும் மாறுகின்றது.

இது வெறும் ஊகமன்று. ஐக்கிய அமெரிக்காவிலே 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் ஈஸ்திரோஜனைத் தனியாக உட்கொண்ட பெண்கள் பலர் இருந்தனர். அத்தகையோரிடையே கருப்பை உட்படைப் புற்றுநோய் மிகுந்து காணப்பட்டதை 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பின்னர் 1990களில், 875 பெண்களை மூன்று ஆண்டுகள் கண்காணித்த ஓர் ஆய்வு அங்கு நடைபெற்றது. தனித்த ஈஸ்திரோஜன் பெற்ற, கருப்பையுள்ள பெண்களிற் பத்துப் பேருக்கு ஏறக்குறைய ஆறு பேரில் உட்படை ஏதோவொரு வகையில் மிகைவளர்ச்சியுற்றிருந்தது. புரொஜெஸ்தரோனையோ அதனை ஒத்த மருந்தையோ சேர்த்து உட்கொண்டோர் இத்தீங்கினின்றும் காக்கப்பட்டனர். ஆகவே இந்த இரண்டாவது குளிகை அலங்காரத்துக்குச் சேர்க்கப்பட்டதன்று, அது காவலாள். சத்திரசிகிச்சையால் கருப்பை அகற்றப்பட்டோருக்கு, எண்டோமெற்றியோசிஸ் போன்ற சில நிலைகளில் அன்றிப் பொதுவாக இக்காவல் வேண்டியதில்லை.

இக்காவலாளின் வரலாறும் சுவையானது. 1929ஆம் ஆண்டில் ஜோர்ஜ் கோர்னர், வில்லர்ட் அலன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், முயலின் கர்ப்பத்தைக் காத்து நிற்கும் பொருள் ஒன்று சூலகத்திலுள்ள மஞ்சட் சடலத்தில் இருப்பதை நிறுவினர். 1934இல் அது தூய பொருளாகப் பிரித்தெடுக்கப்பட்டது. கர்ப்பத்துக்குத் துணை நிற்பது என்னும் பொருளிலேயே அதற்குப் புரொஜெஸ்தரோன் எனப் பெயரிட்டனர். 1940களில் ரசல் மார்க்கர் என்னும் இரசாயன அறிஞர், மெக்சிக்கோ நாட்டுக் காடுகளில் விளையும் ஒருவகைக் கிழங்கிலிருந்து அதனைப் பெருமளவில் ஆக்கும் வழியைக் கண்டார். அக்கிழங்கு நம்மவர் கூழாகவும் களியாகவும் காய்ச்சி உண்ணும் இராசவள்ளிக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. கிழங்கிலுள்ள பொருளை ஆய்கூடத்திலே பல படிகளில் மாற்றினால்தான் ஓமோன் கிடைக்கும். நம் உடலால் அம்மாற்றத்தைச் செய்ய இயலாது. எனவே கிழங்கை உண்பதோ, கிழங்குச் சாறு சேர்ந்ததென விற்கப்படும் களிம்பைப் பூசுவதோ கருப்பையைக் காவா. இராசவள்ளி நல்ல உணவு, மருந்து அன்று.

இனித் தொல்லைகளுக்கு வருவோம். ஒவ்வொன்றற்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும்.

முதலாவது தூக்கமும் தலைச்சுற்றும். இயற்கைப் புரொஜெஸ்தரோனை வாய்வழி உட்கொள்ளும்போது அதன் ஒரு பகுதி ஈரலில் வேறு பொருளாக மாறி மூளையை அடைகின்றது. அப்பொருள் மூளையின் அமைதிப்படுத்தும் வாயில்களைத் தட்டுவதால் உறக்கம் வருகின்றது. ஆதலால் இக்குளிகையைப் படுக்கைக்குச் செல்லும் வேளையில் உட்கொள்ளுதலே முறை. அவ்வாறு செய்தால் தொல்லையே துணையாகி நல்லுறக்கம் தரும். காலையில் அதனை விழுங்கிவிட்டு அடுப்படியிலும் அலுவலகத்திலும் தள்ளாடுதல் வேண்டா. உணவோடு சேர்த்து உட்கொண்டால் உடல் அதனை மிகுதியாக உறிஞ்சும், மயக்கமும் மிகும். ஆகவே இராச்சாப்பாடு முடிந்து சில மணி நேரம் சென்றபின் உட்கொள்வது பலருக்கு நன்மை பயக்கும். இரவில் எழுந்து மலசலகூடத்துக்கோ கிணற்றடிக்கோ செல்ல நேர்ந்தால், கட்டில் விளிம்பில் சிறிது நேரம் அமர்ந்து, தலை தெளிந்தபின் நடக்க வேண்டும். நித்திரைக் குளிகைகளும் மதுவும் இதனோடு சேர்தல் ஆகாது. சில குளிகைகளில் நிலக்கடலை எண்ணெய் சேர்க்கப்படுவதுண்டு. கச்சான் ஒவ்வாதோர் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லல் வேண்டும்.

இரண்டாவது வயிற்று ஊதலும் மார்பு நோவும். புரொஜெஸ்தரோன் குடலின் தசைகளைத் தளரச் செய்வதால் உணவு மெல்ல நகர்கின்றது; வாயு திரள்கின்றது; மலச்சிக்கலும் வருகின்றது. கீரை, காய்கறி, தவிட்டரிசி ஆகியவற்றை மிகுத்து, உப்பையும் ஊறுகாயையும் குறைத்து, மாலையில் அரைமணி நேரம் நடந்து வந்தால் இத்தொல்லை தணியும். மார்பு நோவுக்கு அளவான, நன்கு தாங்கும் உள்ளாடை உதவும். பெரும்பாலும் இவை முதல் மூன்று மாதங்களுக்குள் தாமாகவே அடங்குகின்றன. மார்பில் கட்டி தென்படுமாயின் அதனை மருந்தின் தொல்லை எனக் கருதிக் காத்திராது உடனே காட்டல் வேண்டும்.

மூன்றாவது மனவாட்டம். தாய்மார் பலர் வெளியிற் சொல்லக் கூசுவது இதுவே. பலரை அமைதிப்படுத்தும் அதே பொருள் ஒரு சிலரில் நேர்மாறாகச் சினத்தையும் பதற்றத்தையும் சோர்வையும் விளைவிக்கின்றது. இளமையில் மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் மனம் மிகக் கலங்கியோருக்கு இது நேரும் வாய்ப்பு மிகுதி. இஃது அவர்களுடைய குணக்கேடும் அன்று. பக்தியோ பொறுமையோ குறைந்ததன் பயனும் அன்று. மருந்து செய்யும் வேலை. வீட்டிலுள்ளோர் இதனை உணர்தல் வேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதியாது வைத்திய உதவியை நாடுதல் கடமை.

நான்காவது இரத்தப்போக்கு. மாதத்தில் 12 முதல் 14 நாள்கள் வரை மட்டும் புரொஜெஸ்தரோனை உட்கொள்வோருக்கு, அது முடிந்தபின் மாதவிடாய் போன்ற போக்கு ஒழுங்காக வரலாம், அஃது எதிர்பார்க்கப்படுவதே. நாள்தோறும் உட்கொள்வோருக்கு முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதங்கள் வரை ஒழுங்கற்ற சிறு போக்குத் தோன்றலாம். ஆறு மாதங்களுக்குப் பின்னும் அது தொடர்ந்தாலோ, ஒருகால் நின்றுபோய் மீண்டும் தோன்றினாலோ, மிகுதியாக வந்தாலோ, கருப்பையைச் சோதித்தல் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் முறையாக அறிய எளிய வழி ஒன்றுண்டு. சுவரில் தொங்கும் கலண்டரிலே குளிகை உட்கொண்ட நாளுக்கு ஒரு புள்ளியும், தொல்லை கண்ட நாளுக்கு ஒரு கோடும் இட்டு வாருங்கள். புள்ளியும் கோடும் சேர்ந்தே வருகின்றனவா, தொல்லை வேறொரு காரணத்தால் வருவதா என்பது மூன்று மாதங்களில் விளங்கிவிடும். அக்கலண்டரை எடுத்துச் சென்றால் வைத்தியரின் வேலை பாதி முடிந்ததாகும்.

வைத்தியரால் செய்யக்கூடியவை பல. 200 மில்லிகிராம் வீதம் மாதத்தில் சில நாள்கள் உட்கொள்ளும் முறையை, 100 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் உட்கொள்ளும் முறையாக அவர் மாற்றலாம். ஏற்றத்தாழ்வு குறைவதால் சிலருக்கு மனம் நிலைபெறும். வேறு சிலருக்கோ மாதத்திற் பாதி நாள்கள் மருந்தின்றி இருப்பதே ஆறுதல். மருந்தின் வகையையும் மாற்றலாம். நொரெதிஸ்தரோன் சிலருக்கு முகப்பருவைத் தரும். அத்தகையோருக்கு டைட்ரோஜெஸ்தரோன் ஒத்துப்போகலாம். ஒருத்திக்கு ஒவ்வாதது மற்றொருத்திக்கு ஒக்கும். வாய்வழி விழுங்கும் குளிகையை யோனிவழி வைக்குமாறு சில வைத்தியர் கூறுவர். அவ்வழியில் மூளையைச் சேரும் பகுதி குறைவதால் மயக்கமும் குறையும். லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்னும் ஓமோனைக் கருப்பைக்குள்ளேயே மெல்லக் கசியவிடும் சாதனமும் உண்டு. குடும்பத் திட்டத்துக்காக இடப்படும் செப்பு லூப்பை ஒத்த தோற்றம் கொண்டதாயினும் அது வேறு, இது வேறு. செப்பு லூப் இக்காவலைத் தராது.

இவை அனைத்தும் வைத்தியருடன் கலந்து செய்ய வேண்டியவை. குளிகையை நீங்களாகவே பாதியாக்குவதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொள்வதும், அயலவரின் மருந்தை வாங்கிப் பார்ப்பதும் தகா. புரொஜெஸ்தரோனைத் தாங்கவே இயலாத நாள் ஒன்று வருமாயின், அதனை மட்டும் விட்டு ஈஸ்திரோஜனைத் தொடராது, அன்றே வைத்தியரைக் கண்டு இரண்டையும் பற்றிக் கேளுங்கள். வைத்தியசாலை தொலைவாயின் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமேனும் செய்தியைச் சொல்லுங்கள். ஒரு காலில் வீக்கமும் நோவும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோவு, பேச்சுக் குழறல், பொறுக்கவியலாத தலையிடி ஆகியவற்றில் எதுவும் தோன்றினால் அது காத்திருக்கும் விடயமன்று. உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இறுதியாக ஓர் அச்சத்தைப் பற்றி. 2002ஆம் ஆண்டில், 16,608 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடைபெற்ற பெரும் ஆய்வு ஒன்று இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இரு மருந்துகளையும் சேர்த்து உட்கொண்டோரிடையே, ஆண்டொன்றுக்கு 10,000 பேரில் எட்டுப் பேருக்கு மேலதிகமாக மார்புப் புற்றுநோய் கண்டமை அதற்கொரு காரணம். செய்தி பரவியதும் உலகெங்கும் பெண்கள் குளிகைகளை வீசி எறிந்தனர். அவ்வாய்வில் பங்குகொண்டோரின் சராசரி வயது 63 என்பதையும், அங்குக் கொடுக்கப்பட்டது இயற்கைப் புரொஜெஸ்தரோன் அன்று, அதனை ஒத்த செயற்கை மருந்து என்பதையும் பலர் அறியவில்லை. ஆபத்து அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை. மார்புப் புற்றுநோய் கண்டோருக்கும், குருதி உறைவு ஏற்பட்டோருக்கும் இச்சிகிச்சை பொருந்துமா என்பதை மிக்க கவனத்தோடு ஆராய வேண்டும். மற்றையோர் தம் வயதையும் உடல்நிலையையும் தம் துன்பத்தின் அளவையும் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதும் தவறு. வீட்டில் எலியே இல்லையென்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு.

தாய்மார்களே, இவ்வளவு காலமும் வீட்டிலுள்ள அனைவரின் நோவையும் கேட்டறிந்து மருந்து கொடுத்தவர்கள் நீங்கள். உங்கள் நோவை நீங்களே சொல்லாவிடின் அதனை அறிவார் யார்? "இந்தக் குளிகை எனக்கு ஒத்துவரவில்லை, வேறு வழி உண்டா?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வழி பெரும்பாலும் உண்டு. கேட்பவருக்கே அது கிடைக்கும்.