உறுமும் ஒலிபெருக்கியும் மூன்றாவது கம்பியும்

ஆண்டு மலருக்கு ஏதாவது உருப்படியாக எழுதித் தா என்று சங்கச் செயலாளர் கேட்டார். கவிதை நமக்கு வராது, "உர்ர்ர்" என்ற சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். சிரித்தார். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க என் வயிற்றைக் கலக்கிய சத்தம் அது.

என் தாய்மாமா அருப்புக்கோட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் எனக்கு லீவு கிடையாது, வயர் இழுக்கப் போயாக வேண்டும். அப்படித்தான் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துப் பொங்கலுக்குப் போனோம். விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம். மேடையில் மிக்சர், அதற்குக் கரண்ட் கோயிலில் இருந்து. ஆம்ப்ளிஃபயர் தெருக்கோடியில் நின்ற வேனிலேயே இருந்தது, அதற்குக் கரண்ட் சாவடியில் இருந்து. நடுவே 40 மீட்டர் ஷீல்டு வயர், இரண்டு முனையிலும் பி-38 ஜாக்.

சுவிட்சைப் போட்டதும் உர்ர்ர்! ஆர்மோனியத்தையே அமுக்கிவிட்டது.

"இது எர்த் பண்ற வேலை மாப்ள" என்றார் மாமா. 30 வருட அனுபவம். மிக்சர் பிளக்கைக் கழற்றி மூன்றாவது கம்பியை மட்டும் வெட்டினார். இருக்கட்டும் என்று ஆம்ப்ளிஃபயர் பிளக்கிலும் வெட்டினார். சத்தம் சுத்தமாக நின்றுபோனது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

நடுச்சாமத்தில் பபூன் வேடக்காரர் வெறுங்காலோடு ஈரத்தரையில் இறங்கி வந்து மைக்கைப் பிடித்தார். "ஏப்பா செட்டுக்காரரே, மைக்கு கடிக்குதப்பா!" கூட்டம் காமெடி என்று நினைத்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எர்த் இல்லாத பெட்டியின் இரும்பு உடம்பில் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து கசியும் மின்னழுத்தம் நிற்கிறது. அது ஷீல்டு வழியாக மைக்கின் உலோகத்துக்கு வருகிறது. கசிவு மட்டும் என்பதால் சுர்ரென்றதோடு போயிற்று. உள்ளே இன்சுலேஷன் போயிருந்தால் 230 வோல்ட்டும் அவர் கையில்தான். ஓடிப்போய் இரண்டு கம்பியையும் திரும்ப முறுக்கினோம். மிச்ச நாடகம் உறுமலோடுதான் நடந்தது.

சரி, ஏன் உறுமியது? நாங்கள் போட்டது சிங்கிள் எண்டட் இணைப்பு. நடுக்கம்பியில் சிக்னல் போகும், திரும்பி வரும் பாதை ஷீல்டுதான். அந்த ஷீல்டே இரண்டு பெட்டிகளின் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. நம் ஊர்க் கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மழையில் பிசின், கோடையில் வெடிப்பு. காய்ந்த மண் சுருங்கி எர்த் ராடை விட்டே விலகிவிடும். கோயில் எர்த்தும் சாவடி எர்த்தும் ஒரே அழுத்தத்தில் இருக்காது. அந்த வித்தியாசம் ஷீல்டில் கரண்டைத் தள்ளுகிறது. உதாரணத்துக்கு ஷீல்டின் மின்தடை 2 ஓம், கரண்ட் 20 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். 40 மில்லி வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உறுமல் சிக்னலோடு தொடராகச் சேர்ந்துவிடும். பாவம், ஆம்ப்ளிஃபயருக்கு எது பாட்டு, எது உறுமல் என்று தெரியாது.

பேலன்ஸ்டு இணைப்பில் சிக்னலுக்கென்றே இரண்டு கம்பிகள், முறுக்கி இருக்கும். ஷீல்டு தனி. எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் 1 ஷீல்டு, 2 நேர், 3 எதிர். ஒரு கம்பியில் +0.5 வோல்ட், இன்னொன்றில் −0.5. வழியில் 0.1 வோல்ட் இரைச்சல் ஏறினால் இரண்டிலும் சமமாக ஏறும்: +0.6, −0.4. வாங்கும் பெட்டி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறது. சரியாக 1 வோல்ட். இரைச்சல் போயே போச்சு!

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. சிக்னல் இரண்டு கம்பியிலும் சமமாக இருப்பது முக்கியமில்லை. தரையில் இருந்து பார்த்தால் இரண்டு கம்பிக்கும் இம்பீடன்ஸ் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லேபில் வீட்ஸ்டோன் பிரிட்ஜ் செய்திருப்பீர்களே, கால்வனாமீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்குமே, அதே கணக்கு. முறுக்கிய ஜோடிக்கம்பிக்கு கிரஹாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். டெலிபோன்காரர்களுக்குப் பழைய சங்கதி, நமக்குத்தான் புதுசு.

வெட்கக்கேடு என்னவென்றால், எங்கள் மிக்சரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட் இருந்தது. தூசி படிந்து கிடந்தது. அடுத்த திருவிழாவுக்கு இரண்டு கம்பி ஷீல்டு வயர் வாங்கி நானே சால்டர் வைத்தேன். எர்த்தை வெட்டாமலே உறுமல் அடங்கியது.

அதோடு விட்டாரா மாமா? வீட்டு ஸ்டீரியோவுக்கும் பேலன்ஸ்டுதான் வேண்டுமென்று மதுரைக்குக் கூட்டிப்போனார். கடையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். "கேட்டியா மாப்ள, என்னா தெளிவு!" தெளிவு இல்லை மாமா, சத்தம். பேலன்ஸ்டு அவுட்புட் பெரும்பாலும் இரு மடங்கு வோல்ட்டேஜ் தரும், அதாவது 6 டெசிபல் கூடுதல். சத்தம் கூடினால் காது அதையே நல்லது என்று நம்பிவிடும். ஒப்பிடுவதென்றால் வால்யூமைச் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வீட்டில் சிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே அலமாரி, ஒரே பிளக் பாயிண்ட், நடுவே 1 மீட்டர். அதற்குச் சாதா ஆர்.சி.ஏ. வயரே தாராளம். சில ஆம்ப்ளிஃபயர்களில் எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட் வெளியே மட்டும்தான், உள்ளே போனதும் சிங்கிள் எண்டட் ஆகிவிடும்.

வீட்டிலும் உறுமல் வரும் ஓரிடம், கேபிள் டிவி பெட்டியை ஸ்டீரியோவில் சேர்க்கும்போது. தெருவில் இருந்து வரும் கோஆக்சியல் வயர் தன் எர்த்தையும் கூடவே கொண்டுவரும். கோயில், சாவடி கதைதான். நடுவில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும், பிளக்கில் கை வைக்கவே வேண்டாம்.

மாமா கடைசியில் ஆர்.சி.ஏ. வயரோடுதான் பஸ் ஏறினார், முணுமுணுத்துக்கொண்டே. ஆனால் இப்போது வேனில் வயர்ச் சுருளோடு ஒரு குடம் தண்ணீரும் ஏறுகிறது. ஊரில் இறங்கியதும் முதலில் எர்த் குழியில் ஊற்றிவிட்டுத்தான் பெட்டியை இறக்குகிறோம்.