தோட்டத்தில் கற்கும் வடிவங்கள்



முதலாம் வகுப்புக்குப் போகுமுன் பிள்ளைக்கு வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவை தெரிந்திருந்தால் நல்லது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். "நாங்களே அதிகம் படிக்கவில்லை, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?" என்று தோட்டப்புறத் தாய்மார்கள் தயங்குவதுண்டு. இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை நம்மைச் சுற்றி எத்தனையோ வடிவங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அதற்குப் பின்னால் யாரோ ஒருவருடைய உழைப்பும் உண்டு. வடிவத்தை அந்தக் காரணத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், கணக்குப் பாடமும் சமூகக் கல்வியும் ஒன்றாகவே நடக்கும்.

முதலில் செம்பனையைப் பார்ப்போம். மலாயாவில் செம்பனையை முதன்முதலாக வாணிபப் பயிராக நட்டது 1917ஆம் ஆண்டில், கோலா சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது, கேட்டீர்களா? ஆகவே நம் பிள்ளைகள் ஆடி ஓடும் மண், நாட்டின் வரலாற்றில் இடம்பெற்ற மண். இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

செம்பனையை நடும்போது மரத்துக்கு மரம் பொதுவாக 9 மீட்டர், அதாவது சுமார் 30 அடி இடைவெளி விடுவார்கள். பக்கத்துப் பக்கத்து மரங்கள் மூன்றை மனத்தில் கோடு போட்டு இணைத்தால், மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைக்கும். சதுரமாக நட்டால் என்ன என்று பிள்ளை கேட்கலாம். இதே இடைவெளியில் சதுரமாக நட்டால் ஓர் ஏக்கரில் சுமார் 50 மரங்கள்தாம் நிற்கும்; முக்கோணமாக நட்டால் சுமார் 58 மரங்கள் நிற்கும். எல்லா மரத்துக்கும் வெயிலும் ஏறக்குறைய ஒரே அளவாகக் கிடைக்கும்.

இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். ஒரே அளவான 7 காசுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றை நடுவில் வைத்து, மற்றவற்றை அதைத் தொட்டபடி சுற்றி அடுக்கச் சொல்வோம். சரியாக ஆறு காசுகள் இடைவெளி இல்லாமல் அமரும். நடுவில் இருப்பது ஒரு மரம். சுற்றி இருப்பவை அதன் ஆறு அண்டை மரங்கள். அந்த ஆறையும் கோட்டால் இணைத்தால் அறுகோணம். குலை வெட்டப் போகும் அப்பா தினமும் இந்த அறுகோணங்களுக்கு நடுவில்தான் நடக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் கண் விரியும்.

பால்மரம் இன்னும் நிற்கும் தோட்டங்களில் மங்கைக் காட்டலாம். மங்கின் வாய் ஏன் வட்டம்? மூலை இருந்தால் பால் அங்கே ஒட்டிக்கொள்ளும். வட்டமாக இருப்பதால் ஒரே சுழற்சியில் துடைத்துவிடலாம். பட்டையில் போடும் வெட்டு ஏன் சாய்கோடு? பால் தானாகவே வழிந்து மங்குக்கு வர வேண்டுமல்லவா? பால்மரம் இல்லாத இடத்தில் பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் அந்நாளில் விடியுமுன் பெரட்டுக்குப் போன கதையும் சேர்ந்து வரும்.

தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் போனால் நெல்வயல்கள் நீள்சதுரமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அங்கே வாய்க்கால்களும் வடிகால்களும் நேர்கோடாக ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே வயலை நீள்சதுரமாகப் பிரித்தால் எல்லாருக்கும் தண்ணீர் எட்டும். அண்டையிலுள்ள மலாய்க்கார, சீன விவசாயிகளின் வாழ்க்கையைப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

சாலைப் பலகைகளையும் மறந்துவிடக் கூடாது. நில் என்னும் சிவப்புப் பலகைக்கு எட்டுப் பக்கம். வழிவிடு என்னும் பலகை தலைகீழ் முக்கோணம். எச்சரிக்கைப் பலகை மஞ்சள் நிறத்தில், ஒரு மூலையில் நிற்கும் சதுரம். குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையில் சைக்கிள் விடும் பிள்ளைக்கு இந்த அறிவு உயிர்காக்கும் அறிவு. எழுத்துப் படிக்கத் தெரியாத வயதிலும் வடிவத்தைக் கண்டு நிற்கத் தெரிய வேண்டும்.

மூலையில் நிற்கும் சதுரத்தைச் சிறு பிள்ளைகள் சதுரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதைக் கண்டு கோபிக்க வேண்டாம். நெதர்லாந்தைச் சேர்ந்த பியேர் வான் ஹீல, டீனா வான் ஹீல என்ற ஆசிரியத் தம்பதியர், பிள்ளைகள் முதலில் வடிவத்தின் முழுத் தோற்றத்தையே பார்க்கிறார்கள், பக்கத்தையும் மூலையையும் எண்ணிப் பார்ப்பது பிறகுதான் வருகிறது என்று 1957ஆம் ஆண்டில் விளக்கினார்கள். ஆகவே ஒரு சதுரக் காகிதத்தை வெட்டிக் கையில் கொடுத்து, மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். "திருப்பினால் பக்கம் கூடியதா? மூலை குறைந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். விடையைப் பிள்ளையே சொல்லட்டும்.

இந்தப் பழக்கம் எழுத்துக்கும் உதவும். 'ட' என்பது இரண்டு நேர்கோடுகள் சேரும் ஒரு மூலை. 'ப' என்பது மூடி இல்லாத பெட்டி. கோட்டையும் மூலையையும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு எழுத்து அந்நியமாகத் தெரியாது.

இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகும் வழியில் ஒரு வடிவம், வாசலில் கோலம் போடும்போது ஒரு வடிவம், இவ்வளவு போதும். பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், "இது ஏன் இப்படி இருக்கிறது? யார் செய்தது?" என்று கேட்போம். தாய் தந்தையர் செய்யும் வேலையில் இத்தனை அறிவு இருக்கிறது என்று சிறு வயதிலேயே தெரிந்துகொள்ளும் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள ஒருநாளும் கூச்சப்படாது.