நின்று நின்று நகரும் தாள்



கடிதத்தை உறையில் போட்டு மூடியபின் தபால் தலையை என்ன செய்கிறோம்? தாளிலிருந்து கிழித்து ஒட்டுகிறோம். 'வெட்டி ஒட்டினேன்' என்று யாரும் சொல்வதில்லை. ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே வரிசையாகச் சிறு துளைகள் இருப்பதால், கத்தரிக்கோல் இல்லாமலே அது தனியே வந்துவிடுகிறது. அத்துளைகள் படத்தின் மேலும் விழுவதில்லை, எழுத்தின் மேலும் விழுவதில்லை. சரியாக இடைவெளியில் விழுகின்றன. கண்ணில்லாத இயந்திரத்துக்கு அந்த இடம் எப்படித் தெரிகிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

உலகின் முதல் தபால் தலை 1840-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வெளிவந்தது. கறுப்பு நிறத்தில் அச்சான ஒரு பென்னித் தலை அது. ஒரு வரிசைக்கு 12 தலை வீதம் 20 வரிசை. ஆக ஒரு தாளில் 240 தலைகள். அந்நாளில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 240 பென்னி ஒரு பவுன். ஆகவே ஒரு வரிசை ஒரு ஷில்லிங், முழுத் தாள் ஒரு பவுன் என்று கணக்குப் பார்ப்பது எளிதாக இருந்தது. பிரிப்பதுதான் எளிதாக இல்லை. துளையே கிடையாது. கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி காணலாம் என்று 1847-இல் பிரிட்டிஷ் தபால் துறைக்கு யோசனை சொன்னவர் ஹென்றி ஆர்ச்சர் என்னும் அயர்லாந்துக்காரர். அவருடைய முதல் இரண்டு இயந்திரங்கள் சிறு கத்திகளால் தாளைக் கீறிப் பார்த்தன. அவை தேறவில்லை. பிறகு கீறுவதை விட்டுவிட்டு, தாளைக் குத்தித் துளையிடும் இயந்திரத்தை அமைத்தார்.

அவ்வகை இயந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். மேலே ஒரு சட்டம். அதில் சீப்புப் பற்களைப் போல் அடுக்கடுக்காக உருக்கு முளைகள். கீழே ஒரு கனத்த தகடு. ஒவ்வொரு முளைக்கும் நேர்கீழே அத்தகட்டில் ஒரு துளை. இரண்டுக்கும் இடையில் தாள். சட்டம் இறங்கினால் முளைகள் தாளைத் துளைத்துக்கொண்டு தகட்டின் துளைக்குள் போகும். பொட்டுப் பொட்டாகக் காகிதத் துகள் கீழே உதிரும். ஓர் அடியில் ஒரு வரிசையிலுள்ள எல்லாத் தலைகளுக்கும் மூன்று பக்கம் துளை விழுந்துவிடும். நான்காவது பக்கம்? அது அடுத்த அடியில் விழும். அதற்குத் தாள் ஒரு வரிசை நகர வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முளை தாளுக்குள் இருக்கும்போது தாள் அசையக் கூடாது, அசைந்தால் கிழிந்துபோகும். முளை மேலே ஏறியபின் தாள் நகர வேண்டும். அடுத்த அடி விழுவதற்குமுன் மறுபடி நின்றுவிட வேண்டும். நகர்வது, நிற்பது, குத்துவது. பிறகு மீண்டும் நகர்வது. இப்படி விட்டுவிட்டு நகரும் ஓட்டம் உங்களில் பலருக்குப் புதிதன்று. தையல் இயந்திரத்தைப் பாருங்கள். ஊசி துணிக்குள் இருக்கையில் துணி நிற்கிறது. ஊசி மேலே வந்ததும், அடியிலுள்ள ரம்பம் போன்ற சிறு பற்கள் எழும்பித் துணியை ஒரு தையல் தூரம் தள்ளிவிட்டுக் கீழே பதுங்குகின்றன. ஊசியையும் பற்களையும் ஒரே கைச்சக்கரம்தான் ஓட்டுகிறது. ஆகையால் ஒன்றின் முறையில் மற்றொன்று குறுக்கிடுவதில்லை. துளையிடும் இயந்திரத்திலும் அதே தந்திரம்தான். முளைச் சட்டத்தை ஏற்றி இறக்கும் தண்டே, ஒரு கொக்கியைக் கொண்டு பற்சக்கரத்தை ஒரு பல் தள்ளும். ஒரு பல் நகர்ந்தால் தாள் ஒரு வரிசை நகர்ந்தது என்று பொருள். சக்கரம் பின்வாங்காமல் இன்னொரு கொக்கி பிடித்துக்கொள்ளும்.

துணியில் ஒரு தையல் சிறிது கூடினாலும் குறைந்தாலும் குடி முழுகிவிடாது. தாளில் அப்படியில்லை. ஒவ்வோர் அடியிலும் தாள் 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிழை அங்கேயே தங்குவதில்லை; அடுத்த வரிசையின் பிழையோடு சேர்ந்துகொள்கிறது. 20-ஆம் வரிசைக்கு வரும்போது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். இடைவெளியில் விழ வேண்டிய துளை படத்தைக் கடித்துவிடும். பால்மரம் சீவுகிற நேயர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒரு நாள் சீவலில் பட்டை ஒரு தாள் கனம் கூடுதலாகப் போனால் யாருக்கும் தெரியாது. நாள்தோறும் அப்படிப் போனால், மரத்தில் இட்ட அடையாளத்தை வைத்து அளக்கும்போது தெரிந்துவிடும்.

வேகமும் பிழையைக் கொண்டுவரும். ஓடுகிற லோரியைச் சட்டென்று நிறுத்தினால், நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? தாளும் அப்படியே. வேகமாகத் தள்ளிச் சட்டென்று நிறுத்தினால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சிறிது வழுக்கிவிடும். ஆகையால் நல்ல இயந்திரத்தில் தாள் மெல்லப் புறப்பட்டு, நடுவில் விரைந்து, மறுபடி மெல்ல வந்து நிற்கும்.

அடிக்கு அடி தூரம் சரியாக இருந்துவிட்டால் போதுமா? போதாது. முதல் அடி சரியான இடத்தில் விழ வேண்டும். அச்சுக்கும் துளைக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தை அச்சகத்தார் 'ரெஜிஸ்டர்' என்பார்கள். அச்சடிப்பவர் தாளின் எந்த இரண்டு ஓரங்களைத் தடுப்பில் முட்ட வைத்தாரோ, அதே இரண்டு ஓரங்களைத் துளையிடுபவரும் முட்ட வைக்க வேண்டும். ஒருவர் இடப்பக்கமிருந்தும் மற்றவர் வலப்பக்கமிருந்தும் அளந்தால், தாள் வெட்டியதிலுள்ள ஏற்றத்தாழ்வு முழுவதும் துளையில் வந்து சேரும். பல தாள்களை அடுக்கித் துளையிடும்போது, ஓரத்தில் அச்சான குறிகளில் ஊசி குத்தி, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்துவார்கள்.

இவ்வளவு செய்தும் அந்நாளில் துளைகள் அடிக்கடி இடம் தவறின. குற்றம் இயந்திரத்தில் மட்டும் இல்லை, தாளிலும் இருந்தது. செதுக்கிய தகட்டிலிருந்து அச்செடுக்கத் தாளை முதலில் ஈரமாக்குவார்கள். அச்சான தாள் காயும்போது சுருங்கும். எல்லாத் தாளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இயந்திரம் எப்போதும் ஒரே தூரத்தைத்தான் அளந்து நகர்த்தும். தாளோ ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, அச்சுத் தகடுகள் துளையைப் பற்றி நினையாத காலத்தில் செய்யப்பட்டவை. தலைகளுக்கு இடையே வெகு குறுகிய இடைவெளிதான் இருந்தது.

ஆயினும் முயற்சி வீணாகவில்லை. 1852-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. 1853-இல் அரசாங்கம் ஆர்ச்சருக்கு 4,000 பவுன் கொடுத்து அவருடைய உரிமையை வாங்கியது. 1854-இல் துளையிட்ட ஒரு பென்னிச் சிவப்புத் தலைகள் முறைப்படி விற்பனைக்கு வந்தன. முதலில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு 16 துளை. அது நெருக்கம் மிகுதி. கையில் எடுத்தாலே தாள் பிரிந்துபோயிற்று. ஆகவே 1855-இல் 14 துளையாகக் குறைத்தார்கள். துளைகளுக்கு நடுவே எஞ்சும் காகிதமும் துளையைப் போலவே முக்கியம். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்து, விட வேண்டிய நேரத்தில் விட வேண்டும்.

ஈரமில்லாத தாளில் அச்சடிக்கும் முறை பரவியபோது சுருக்கத் தொல்லை குறைந்தது. நம் மண்ணோடும் இதற்குத் தொடர்புண்டு. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்களான சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவுக்கு முதன்முதலாகத் தனித் தபால் தலைகள் வந்தன. இந்தியத் தலைகளின்மேல் கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சடித்து அவற்றை வெளியிட்டார்கள். அவற்றின் ஓரத்திலும் 2 சென்டிமீட்டருக்கு 14 துளை இருந்தது.

இது தபால் தலையோடு முடிகிற சங்கதியன்று. நாம் பணம் கட்டும் இடங்களில் கொடுக்கும் பல ரசீதுகள் துளை வரிசையில் கிழிக்கப்படுபவை. ஒரு பாதி அவர்களிடம். மறு பாதி நம்மிடம். கட்டியதற்குச் சாட்சி அந்தத் துண்டுத்தாள்தான். துளை இடம் தவறி எண்ணின் மேல் விழுந்தால், கிழிக்கும்போது எண்ணும் இரண்டாகப் போய்விடும். பிறகு வழக்கு வந்தால் காட்டுவதற்கு அரை எண்தான் மிஞ்சும். ஆகவே ரசீதை வாங்கியவுடன் எண்ணும் தொகையும் தேதியும் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அங்கேயே நின்று வேறொன்று கேளுங்கள்.

பிள்ளைகள் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தையல் இயந்திரத்தில் நூலைக் கழற்றிவிட்டுப் பழைய ஊசி ஒன்றைப் பொருத்துங்கள். காகிதம் ஊசியை மழுக்கும். நல்ல ஊசி வேண்டாம். தாளில் நேராக ஒரு கோடு போட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, கோட்டின்மேல் துளையிடுங்கள். தாள் எப்போது நகர்கிறது, எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். தையல் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு வரிசை போட்டு, இரண்டையும் கிழித்துப் பாருங்கள். எது எளிதில் பிரிகிறது, எது பிரிய மறுக்கிறது என்பதை உங்கள் விரலே சொல்லும்.