சவரக்கத்தி உறை

சவரக்கத்தி உறை என்பது பயணத்தின்போது கத்தியின் கூர்மையையும், பையில் கைவிடுபவரின் விரலையும் காக்கும் சிறு பெட்டி அல்லது பை ஆகும். நாவிதரின் கருவிப்பைக்குத் தமிழில் அடைப்பம் என்று பெயர். வீடு தேடிச் சென்று சவரம் செய்த காலத்தில் கத்தி, கத்தரிக்கோல், சாணைக்கல், கிண்ணம் எல்லாம் அதில்தான் சென்றன. வெற்றிலைப் பைக்கும் இதே பெயர் உண்டு. பழைய நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் பிளேடு மாற்றும் ரேசருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இவை பெட்டியுடன் வழங்கப்பட்டன.

உறைக்குள் தங்கும் ஈரமே கத்திக்குப் பகை. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கரிம எஃகுக் கத்தி அதற்குள்ளேயே துருப்பிடிக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். கத்தியை நன்கு துடைத்து, உலர்த்தி, துளி எண்ணெய் தடவிய பிறகே உறையிலிட வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியானால் காற்றுத்துளை இருப்பது நல்லது.

எவ்வளவு உறுதியான உறையில் இருந்தாலும் தனி பிளேடை விமானக் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது. அனகாபுத்தூருக்கு அருகிலுள்ள சென்னை விமான நிலையத்திலும் இதே விதிதான். தனி பிளேடும் மடக்குக் கத்தியும் செக்-இன் பெட்டியில்தான் செல்ல வேண்டும்.