நன்னீரில் வாழும் கடல்மீன்

ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்திற் சான்ரீ என்னும் ஆறு ஓடுகின்றது. மின்சாரம் பெறும் பொருட்டு 1939 ஆம் ஆண்டுக்கும் 1942 ஆம் ஆண்டுக்கும் இடையில் இவ்வாற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, அதன் நீரைக் கூப்பர் ஆற்றின் பக்கம் திருப்பினர். மரியன், மூல்ற்றி என்னும் இரு பெரும் நீர்த்தேக்கங்கள் உண்டாயின. அணை கட்டியோர் மின்சாரத்தை எண்ணினரேயன்றி மீனை எண்ணினாரல்லர். ஆயினும் சில ஆண்டுகள் கழிந்ததும், கடல்மீன் என்று கருதப்பட்ட ஒன்று அந்த நன்னீரிலே பெருகி வருவதைத் தூண்டிலிடுவோர் கண்டனர்.

அமெரிக்கர் அதனை ‘ஸ்ட்ரைப்ட் பாஸ்’ என்பர். வெள்ளி போன்ற உடலில் தலையிலிருந்து வால்வரை ஏழு அல்லது எட்டுக் கருவரிகள் ஓடுவதால், நாம் அதனை வரிப்பாஸ் என்று அழைக்கலாம். அத்திலாந்திக் கரையோரக் கடலில் வாழும் இம்மீன் இளவேனிற் காலத்தில் முட்டையிடுவதற்காக ஆறுகளில் ஏறும். நம் நேயர்கள் அறிந்த கொடுவா இதற்கு நேர்மாறானது; அது ஆற்றில் வளர்ந்து, முட்டையிட உவர்நீரை நாடிச் செல்லும்.

வரிப்பாஸின் முட்டை ஏறத்தாழ நீரின் கனமே உடையது. ஓடும் நீர் அதனைத் தாங்கிச் செல்லும். நீர் நின்றால் முட்டை அடியில் வீழ்ந்து சேற்றில் மூடுண்டு அழியும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய இரண்டு நாட்கள் வேண்டும். ஆகவே இரண்டு நாள் மிதந்து செல்வதற்குப் போதிய நீளமுள்ள ஆறு இல்லாத நீர்த்தேக்கத்தில் இம்மீன் பொதுவாகத் தானாகப் பெருகுவதில்லை. சான்ரீ நீர்த்தேக்கங்களுக்கு மேலே கொங்கரீ, வோட்டரீ என்னும் ஆறுகள் அணையின்றி நெடுந்தூரம் ஓடியமையே அங்கு நேர்ந்த நல்வாய்ப்பு. ஏனைய இடங்களிற் பெரும்பாலும் குஞ்சுகளை வளர்த்து விடவேண்டியதாயிற்று. 1961 இல் மொங்ஸ் கோர்னர் என்னும் ஊரிற் பொரிப்பகம் ஒன்று அமைந்தது. தாய்மீனுக்கு ஓமோன் ஊசி ஏற்றி முட்டையிடச் செய்யும் முறையை றொபேட் ஸ்டீவன்ஸ் என்னும் அறிஞர் அங்கே செம்மைப்படுத்தினார். அதன் பின்னர் இம்மீன் பல மாநிலங்களின் நீர்த்தேக்கங்களுக்குப் பரவியது.

இம்மீன் எவ்வளவு பெரிதாக வளரும்? தூண்டிலிற் பிடிபட்டவற்றுள் 2011 இல் கனெற்றிக்கட் கடற்பரப்பிற் பிடிபட்டது 81 இறாத்தல் 14 அவுன்சு நிறையுடையது. கடலுக்குச் செல்லாத மீன்களுள், 2013 பெப்ரவரியில் அலபாமா மாநிலத்துப் பிளாக் வோரியர் ஆற்றிற் பிடிபட்டது 69 இறாத்தல் 9 அவுன்சு இருந்தது. அதுவும் உலக சாதனையாகப் பதிவாயிற்று. முப்பது இறாத்தலைத் தாண்டிய மீன் அநேகமாகப் பெண்மீனாகவே இருக்கும். அது பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, இலட்சக்கணக்கிலும் அதற்கு மேலும் முட்டையிட வல்ல தாய். பெருமீனைத் தேடிச் செல்பவர் தேடுவது இந்தத் தாயைத்தான்.

அதனைப் பிடிக்கும் முறையை இனிக் காண்போம். வலுவான கோலும், இருபது முதல் முப்பது இறாத்தல் வரை தாங்கும் தங்கூசியும், இழுத்தால் இளகிக்கொடுக்கும் சுழலுருளையும் வேண்டும். அதனினும் முக்கியமானது இரை. பெருமீன் சிற்றிரைக்கு எளிதில் அசையாது. நம் கடலிலுள்ள சூடைக்கு இனமான ஷாட், ஹெரிங் என்னும் மீன்களை உயிருடன் கோத்து, படகை மெல்லச் செலுத்துவர். அவ்விரைமீனைக் காப்பதே ஒரு கலை. சதுரத் தொட்டியிலிட்டால் அது மூலையில் முட்டி நின்று மடிந்துவிடும். ஆதலால் வட்டத் தொட்டியில் நீரைச் சுழலவிட்டுக் காற்றூட்டி வைப்பர். விடியற்காலையில் இரை பிடிக்கச் செலவாகும் நேரம் சில நாட்களிற் பாஸ் பிடிக்கும் நேரத்தினும் அதிகமாகும். அணைக்குக் கீழே மின்பொறிகள் இயங்கத் தொடங்கும் வேளையும் நல்ல வேளையே. பாயும் நீரில் இரைமீன்கள் நிலைதடுமாற, வரிப்பாஸ் அவற்றை வேட்டையாட வரும்.

ஆயினும் கோலையும் இரையையும் விட இம்மீனின் இடத்தை முடிவுசெய்வது நீரின் வெப்பமே. கோடையில் ஆழமான நீர்த்தேக்கத்தின் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலடுக்கில் ஒட்சிசன் உண்டு. ஆனால் அது சூடானது. அடியடுக்கு குளிர்ந்தது, ஆனால் அங்கே அழுகும் பொருட்கள் ஒட்சிசனை உண்டுவிடுகின்றன. சிறு மீன் சூட்டைப் பொறுக்கும். வளர்ந்த பெருமீனோ ஏறக்குறைய 25 பாகை சதமத்துக்கு மேற்பட்ட நீரை வெறுக்கும். எனவே இரண்டு அடுக்குகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய படையிலோ, குளிர் ஊற்றுச் சுரக்கும் மூலையிலோ பெருமீன்கள் நெருக்குண்டு கிடக்கும். இரைமீன் மேலேயுள்ள வெந்நீரில் உலவ, இவை கீழே மெலியும். ஓக்றிட்ஜ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாள்ஸ் கூற்றன்ற் என்னும் அறிஞர், ரெனெசி மாநிலத்துச் செரோக்கி நீர்த்தேக்கத்தில் மீன்களுக்கு வெப்பமறியும் ஒலிபரப்பிகளைப் பொருத்தி இந்த நிலையை ஆராய்ந்தார். கோடையிற் பெருமீன்கள் மட்டும் செத்து மிதந்ததன் காரணம் இதனால் விளங்கியது.

பெருமீன்கள் ஓரிடத்திற் குவிந்திருக்கும்போது அவற்றைப் பிடிப்பது எளிது. பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப நீரில் விடுகின்றோமே, இதிற் கேடு என்ன என்று கேட்பார் பலர். இக்கேள்வி நேர்மையானதே, ஆனால் அது போதாது. தூண்டிலோடு நெடுநேரம் போராடிய மீனின் தசைகளிற் களைப்பினால் அமிலம் ஊறுகின்றது. மீண்டும் தேறுவதற்கு அதற்கு ஒட்சிசன் மிகுதியாக வேண்டும். சூடான நீரிலோ ஒட்சிசன் குறைவு. வாலை அசைத்து நீந்திச் சென்ற மீன் கண்மறைவிற் சில மணி நேரத்துள் இறத்தலுண்டு. குளிர்காலத்தில் நிலை வேறு. முனை உட்புறம் வளைந்த வட்டத் தூண்டில் பெரும்பாலும் வாயோரத்திலே கொளுவும்; மீனை விரைவாக இழுத்து, ஈரக்கையால் வயிற்றைத் தாங்கி, நீருக்கு வெளியே அதிக நேரம் வைக்காமல் விட்டால் அது பிழைக்கப் பெரிதும் இடமுண்டு.

இம்மீனுக்காகச் சட்டம் இயற்றுதல் அந்நாட்டுக்குப் புதிதன்று. 1639 இலேயே மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தார் இதனை வயலுக்கு உரமாக இடுவதைத் தடுத்தனர். இன்று ஜோர்ஜியா மாநிலம், பிளின்ற் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மே முதல் ஒக்ரோபர் வரை வரிப்பாஸ் பிடிப்பதைத் தடைசெய்துள்ளது. அவை ஒதுங்கும் குளிர் ஊற்றுகளைக் காப்பதே நோக்கம். சான்ரீ ஆற்றுத் தொகுதியிலோ கோடை மாதங்களில் இம்மீனைப் பிடித்து வைத்துக்கொள்ளல் குற்றமாகும்.

அம்மாதங்களில் மரியன் நீர்த்தேக்கத்துப் பெருமீன்களுட் சில, கொங்கரீ வழியாக மேலேறிக் கொலம்பியா நகரை அடைகின்றன. அங்கே சலூடா ஆறு, மேலேயுள்ள மறி நீர்த்தேக்கத்தின் அடிநீரைக் கொண்டுவருவதால் நடுக்கோடையிலும் குளிர்ந்திருக்கும். கோடை முழுதும் அவை அந்தக் குளிர்நீரிலே தங்கும். ஒக்ரோபர் பிறந்து, நீர்த்தேக்கத்து நீர் ஆறத் தொடங்கியதும், ஷாட் கூட்டங்கள் நீர்மட்டத்துக்கு வரும். அவற்றைக் கீழிருந்து வரிப்பாஸ் தாக்க, மேலிருந்து கடற்காகங்கள் பாயும். படகுத்துறையில் நிற்பவர்கள் அப்பறவைகளைக் கண்டதும் கோலை எடுப்பர்.